வாய்ப் பரீட்சை

எங்கள் ஊர் சர்க்கார் ஹைஸ்கூலில் இன்ஸ்பெக்‌ஷன் புத்தகம் ஒன்று இருந்தது. தடித்த அட்டை, ஓரமெல்லாம் கறையான் அரித்தது. நான் அங்கே ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், அலுவலக அறையின் மர அலமாரியை ஒழித்தபோது கைக்கு வந்தது. 1930களில் வந்துபோன கல்வித்துறை அதிகாரிகள் தங்கள் கைப்பட எழுதிய குறிப்புகள். கூரை ஒழுகுவதைப் பற்றி ஒரு பக்கம், கிணற்றுச் சுவரைப் பற்றி அரைப் பக்கம், வருகைப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருப்பதைப் பற்றி இன்னோர் அரைப் பக்கம். பிள்ளைகள் பேசும் ஆங்கிலத்துக்கு மட்டும் ஒரே வரி. வாசிப்பு சுமார், எழுத்து பரவாயில்லை, பேச்சு மோசம். வருஷம் மாறியிருந்தது, கையெழுத்து மாறியிருந்தது. அந்த வரி மாறவே இல்லை.

மோசம் என்று எழுதப்பட்ட அந்தப் பிள்ளைகளில் என் அப்பாவும் ஒருவர். அதே பள்ளியில்தான் படித்தார். அந்த நாளை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் பத்து நாளுக்கு முன்பே பள்ளி மாறிவிடுமாம். சுவருக்குச் சுண்ணாம்பு, வாசலுக்கு மாவிலைத் தோரணம், கரும்பலகைக்குக் கரியும் ஊமத்தை இலைச் சாறும். வகுப்பில் தேறாத பிள்ளைகளிடம் வாத்தியாரே வந்து, “நாளைக்கு நீ வர வேண்டாம்டா” என்று சொல்லிவிடுவார். தேறக்கூடியவர்களை முன் வரிசையில் உட்காரவைத்து, யார் எதைச் சொல்ல வேண்டும் என்று பங்கு பிரித்துக் கொடுப்பார். அப்பாவுக்குக் கிடைத்தது ‘காசபியாங்கா’ பாட்டு. எரியும் கப்பலில் தகப்பன் சொல்லுக்காக நகராமல் நின்று உயிர்விட்ட சிறுவனின் கதை. பிரிட்டிஷ் ஆட்சி நடந்த இடமெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொன்ன பாட்டு அது. எந்த வரியில் கையை உயர்த்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதுவரை வாத்தியார் பழக்கியிருந்தார்.

வந்த இன்ஸ்பெக்டர் வெள்ளைக்காரர் அல்ல. இரட்டை ஆட்சி முறை வந்த 1920களின் தொடக்கத்திலேயே மாகாணக் கல்வித்துறை நம்மவர்களான அமைச்சர்களின் பொறுப்புக்கு வந்துவிட்டது. கோட்டும் தலைப்பாகையுமாக வந்தவர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்தான். பள்ளிக்குள் நுழைந்ததிலிருந்து வண்டி ஏறும்வரை ஒரு தமிழ்ச் சொல்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. அப்பா பிசகாமல் பாட்டைச் சொல்லி முடித்தார். “குட்” என்றார் இன்ஸ்பெக்டர். அந்தப் பாட்டில் வருவது கப்பல் என்றோ, நிற்பவன் தன் வயதுப் பையன் என்றோ அன்றைக்குத் தனக்குத் தெரியாது என்று அப்பா பிற்காலத்தில் சொல்வார். கடலையே அவர் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்து எழுப்பப்பட்டவன் டிராவலர்ஸ் பங்களா சமையல்காரரின் மகன். கடைசி பெஞ்சுக்காரன். அவனுக்கு எந்தப் பாட்டும் ஒதுக்கப்படவில்லை. இன்ஸ்பெக்டரின் விரல் தற்செயலாக அவன் பக்கம் நீண்டுவிட்டது. காலையில் எழுந்து என்னவெல்லாம் செய்தாய் என்று கேட்டார். வகுப்பில் வேறு யாரையாவது கேட்டிருந்தால் பாடப்புத்தகத்தில் உள்ளபடி எழுந்தேன், பல் துலக்கினேன், பிரார்த்தனை செய்தேன் என்று ஒப்பித்திருப்பார்கள். அவன் உண்மையைச் சொன்னான். “மார்னிங் ஐ டன் பிரிங் டீ, சார். மாஸ்டர் டெல்லிங் டூ மச் சுகர்.” இன்ஸ்பெக்டர் முதல் நாள் இரவு தங்கியிருந்தது அந்தப் பங்களாவில்தான். காலையில் அவருக்குத் தேநீர் கொண்டுபோனவனும் இவன்தான். சர்க்கரை கூடிப்போய்விட்டது என்று அவர் அவனிடமே கடிந்திருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். வகுப்பும் சிரித்தது. அவர் போன பிறகு எட்மாஸ்டர் அந்தப் பையனின் கையில் பிரம்பால் அடித்தார். பள்ளியின் மானத்தை வாங்கிவிட்டானாம். அந்த வருஷ முடிவோடு அவன் நின்றுவிட்டான்.

அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் ஒன்றை அழுத்திச் சொல்வார். அன்றைக்கு அந்த அறையில் இன்ஸ்பெக்டரோடு ஆங்கிலத்தில் பேசியவன் அவன் ஒருவன்தான். கேள்வியைப் புரிந்துகொண்டான், நடந்ததைச் சொன்னான், சொன்னது கேட்டவருக்குப் புரிந்தது. பேச்சுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் “குட்” வாங்கியது என் அப்பா, அடி வாங்கியது அவன்.

அந்தப் பையன் பேசிய ஆங்கிலத்துக்குப் ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று பெயர். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியில் அதற்குத் தனிப் பதிவே உண்டு. மதராஸ் மாகாணத்து வேலைக்காரர்கள் பேசும் உடைந்த ஆங்கிலம் என்று அதை விளக்கி, ‘ஐ டெல்லிங்’ என்றால் இனிமேல் சொல்வேன், ‘ஐ டன் டெல்’ என்றால் சொல்லிவிட்டேன் என்று அதன் காலக் கணக்கையும் அது குறித்துவைத்தது. அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் எங்கள் பழைய தஞ்சை ஜில்லாவில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகால் நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். 1891இல் ஷுகார்ட் என்ற ஜெர்மானிய மொழியறிஞர் இந்த ஆங்கிலத்தையும் சேர்த்து ஆராய்ந்து எழுதினார். அயலார் இருவர் உட்கார்ந்து ஆராயத் தகுந்ததாக இருந்த பேச்சு, எங்கள் ஊர்ப் பள்ளியில் பிரம்படிக்கு உரியதாகிவிட்டது.

ஏன் இப்படி ஆனது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். இந்தியர்களுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று மெக்காலே தன் குறிப்பை எழுதியது 1835. சென்னையில் அரசாங்கத்தின் உயர்நிலைப் பள்ளி 1841இல் தொடங்கியது. பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். 1854இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்தது, அடுத்த ஆண்டே மதராஸ் மாகாணத்துக்கு ஆர்புத்நாட் கல்வித்துறை இயக்குநரானார். அவருக்குக் கீழே இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள். அரசாங்கத்துக்கு அப்போது வேண்டியிருந்தது நகலெடுக்கவும் கணக்கெழுதவும் மனு வரையவும் தெரிந்த ஆட்கள். கச்சேரியில் குமாஸ்தா பேச வேண்டிய அவசியமில்லை, பிழையில்லாமல் எழுத வேண்டும். அதனால் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுத்தை முதன்மையாக்கியது. பேச்சு, இன்ஸ்பெக்டர் வருகிற ஒரு நாளைக்கான அலங்காரமாக நின்றுபோனது.

உதவி பெறும் பள்ளிகளின் நிலை இன்னும் கடினம். தேர்ச்சிக்கேற்ற மானியம் என்றொரு முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இருந்தது. இன்ஸ்பெக்டர் பிள்ளைகளைச் சோதிப்பார், தேறியவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பள்ளிக்குப் பணம் வரும். ஒரு பிள்ளை திக்கினால் வாத்தியாரின் வயிற்றில் அடி. 1904இல் வைஸ்ராய் கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானம் இந்த முறையைக் கைவிடச் சொன்னது. தாய்மொழியில் நன்றாகக் காலூன்றாத பிள்ளைக்கு ஆங்கிலம் தொடங்கக் கூடாது என்றும், ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்குவதற்குப் பிள்ளைக்கு 13 வயதாவது ஆக வேண்டும் என்றும் அதே தீர்மானம் சொன்னது. பணம் நின்றாலும் பயம் நிற்கவில்லை. அந்தப் பயம் பழையது. காந்தியின் சுயசரிதையைப் படித்தவர்களுக்கு, இந்தத் தீர்மானத்துக்கு முன்பே ராஜ்கோட் பள்ளியில் நடந்தது நினைவிருக்கும். கைல்ஸ் என்ற இன்ஸ்பெக்டர் வந்து ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொன்னார். ‘கெட்டில்’ என்ற சொல்லைச் சிறுவன் மோகன்தாஸ் தவறாக எழுதியபோது, பக்கத்துப் பையனின் பலகையைப் பார்த்து எழுதும்படி வாத்தியார் பூட்ஸ் நுனியால் சைகை காட்டினார். ஒழுக்கம் கற்பிக்க வேண்டியவரை அந்த ஒரு சொல் என்ன பாடு படுத்தியிருக்கிறது, பாருங்கள்.

எந்தக் கோலை வைத்துப் பேச்சை அளந்தார்கள் என்பதும் முக்கியம். டேனியல் ஜோன்ஸின் ஆங்கில உச்சரிப்பு அகராதி 1917இல் வந்தது. உலகம் முழுவதும் ஆங்கிலம் கற்பித்தவர்களுக்கு அது வேதமாக இருந்தது. அதில் அவர் பதிவு செய்த உச்சரிப்பு, தென் இங்கிலாந்தில் பிள்ளைகளைப் பெரிய உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பக்கூடிய குடும்பங்களின் வீட்டுப் பேச்சு. இங்கிலாந்தின் பெரும்பாலான மக்களே அப்படிப் பேசவில்லை. லங்காஷயர் நெசவாலைத் தொழிலாளியின் மகனும் அந்தக் கோலுக்குக் குட்டைதான். அந்தக் கோலைக் கொண்டுவந்து காவிரிக் கரையில் ஊன்றி, எகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் பிள்ளை யகரத்தைச் சேர்க்கிறான், ஒகரத்துக்கு முன்னால் வகரத்தைச் சேர்க்கிறான் என்று குறித்துக்கொண்டார்கள். அந்த ஒலிகள் எங்கள் மொழியின் இயல்பிலிருந்து வருபவை. ‘யெக்’ என்று சொன்ன பிள்ளை முட்டையைத்தான் சொல்கிறான் என்று கேட்டவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் குறித்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்துக்காரர் இருவரை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. வலங்கைமானில் 1869இல் பிறந்த சீனிவாச சாஸ்திரி கும்பகோணத்தில் படித்தார், திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் தலைமையாசிரியராக இருந்தார், கடைசியில் ஆங்கிலப் பேச்சால் சாம்ராஜ்யத்தின் வெள்ளி நாக்கு என்று வெள்ளைக்காரர்களாலேயே புகழப்பட்டார். அவரைக் காட்டித்தான் எங்கள் தகப்பன்மார்களின் தலைமுறையை வாத்தியார்கள் விரட்டினார்கள். அதே கும்பகோணத்தில், டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்குப் பரிசு வாங்கி 1904இல் வெளியேறிய இராமானுஜன், உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறவில்லை. உதவித்தொகை போயிற்று. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு வேலை பார்த்தபடி 1913 ஜனவரியில் அவர் இங்கிலாந்தின் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதமும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஹார்டி அதில் ஆங்கிலத்தைத் தேடவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். கும்பகோணத்தில் யாரும் பார்க்காத விதத்தில் பார்த்தார்.

என் பள்ளிக்காலம் 1960கள். சுதந்திரம் வந்து பல வருஷமாகியிருந்தது. இன்ஸ்பெக்டர் போய் டி.இ.ஓ. என்ற மாவட்டக் கல்வி அதிகாரி வந்திருந்தார். சுண்ணாம்பும் தோரணமும் அப்படியே இருந்தன. ஆனால் ஒரு நல்ல மாறுதலும் இருந்தது, அதை நன்றியோடு சொல்ல வேண்டும். 1950களின் இறுதியில் தொடங்கி, தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஏறக்குறைய 27,000 ஆசிரியர்களுக்குப் புதுமுறைப் பயிற்சி கொடுக்கும் பெரிய வேலையை மதராஸ் அரசு எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷ் கவுன்சில் உதவியது. முதலில் சிலரைப் பழக்குவது, அவர்கள் போய் இன்னும் பலரைப் பழக்குவது, அவர்கள் ஊர் ஊராகப் போவது. உருள உருளப் பெருக்கும் பனிப்பந்தின் பெயரால் ஆங்கிலக் கல்வித்துறையார் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

அந்தப் பயிற்சிக்குப் போய்வந்த எங்கள் சார் அட்டையில் கட்டம் கட்டமாக எழுதி ஆணியில் மாட்டினார். பேனாவைத் தூக்கிக் காட்டி, “இஸ் திஸ் எ பென்?” என்பார். “எஸ், இட் இஸ் எ பென்” என்று வகுப்பே கூவும். புத்தகத்தைக் காட்டி அதையே கேட்பார். “நோ, இட் இஸ் நாட் எ பென்” என்று இன்னும் பலமாகக் கூவுவோம். எங்கள் வாயிலிருந்து ஆங்கிலம் வந்தது அப்போதுதான். மனப்பாடச் செய்யுளுக்கு முன்னால் அது எவ்வளவோ மேல். அந்த சார் இல்லையென்றால் நான் ஆங்கிலம் கற்பிக்கிறவளாக ஆகியிருக்க மாட்டேன்.

ஆனாலும் பேனா என்று தெரிந்த பொருளைக் காட்டிப் பேனாவா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. டி.இ.ஓ. வந்தார், பேனாவைக் காட்டினார், கேட்டார், கூவினோம், போய்விட்டார். ஒரு பிள்ளையிடமாவது, அந்தப் பிள்ளைக்குத் தெரிந்து தனக்குத் தெரியாத ஒன்றை அவர் கேட்கவில்லை. எங்கள் கையில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வந்தபோது அதில் பேச்சுக்கென்று ஒரு கட்டம் இல்லை.

ஆசிரியையாக ஆன பிறகு நான் செய்தது சிறிய வேலை. கடைசிப் பீரியடில் இரண்டு மூன்று பேரை வராந்தாவுக்கு அழைத்து உட்காரவைப்பேன். எனக்கு விடை தெரியாத கேள்வியைத்தான் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். உன் வீட்டிலிருந்து பள்ளிக்கு எந்த வழியாக வருகிறாய்? நேற்று யாரோடு சண்டை? உங்கள் பாட்டி என்ன வைத்தியம் செய்வார்? சொல் கிடைக்காத இடத்தில் தமிழைப் போட்டுக்கொள்ளலாம். முடிக்கும்வரை நான் திருத்த மாட்டேன். என் நோட்டில் குறித்துக்கொள்வது நான்குதான். சொன்னது எனக்குப் புரிந்ததா, சொல் கிடைக்காதபோது நின்றுவிட்டாளா அல்லது வேறு வழியில் சுற்றி வந்தாளா, நான் கேட்டது புரியாதபோது திருப்பிக் கேட்டாளா, போன முறையைவிடக் கூடுதலாகச் சொன்னாளா. உச்சரிப்பை, அதனால் பொருள் மாறி எனக்குப் புரியாமல் போனால் மட்டுமே கவனித்தேன்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வயல் நண்டு பிடிப்பதைச் சொன்னான். “ஹோல் இன்சைட் ஹேண்ட் புட், மிஸ். கிராப் பைட்டிங், நோ புல்லிங். வெயிட்.” நண்டு கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, பொறுத்திருந்தால் அதுவே பிடியைத் தளர்த்தும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஏன் இழுக்கக் கூடாது என்று கேட்டேன். கொடுக்கு ஒடிந்து விரலிலேயே தங்கிவிடும் என்பதைக் கையால் காட்டி, மூன்று சொல்லில் சொன்னான். டிராவலர்ஸ் பங்களா பையன் பேசியதும் இதே ஆங்கிலம்தான். அந்த வருஷக் கடைசியில் நண்டுப் பையன் வினைச்சொல்லை அதன் இடத்தில் வைக்கப் பழகியிருந்தான். யாரும் அவனை அடிக்கவில்லை, யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பேசப் பேச வந்துவிட்டது. இதையே பெரிய அளவில் எண்பதுகளுக்குச் சற்று முன் தொடங்கிப் பேராசிரியர் பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் கடலூரிலும் சில சாதாரணப் பள்ளிகளில் செய்துபார்த்தார். இலக்கணத்தை வரிசைப்படுத்திப் புகட்டாமல், பிள்ளைகளுக்கு யோசித்துத் தீர்க்க வேண்டிய வேலையைக் கொடுத்து, அதன் வழியே மொழி வருகிறதா என்று பார்த்த அந்த முயற்சி 1979இலிருந்து 1984வரை நடந்தது. உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் அதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். நம் பள்ளிகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

இப்போது நான் ஓய்வு பெற்றவள். பள்ளியில் ஆங்கிலப் பேச்சுத் திறனைச் சோதிக்கிறார்கள், உதவிக்கு வாருங்கள் டீச்சர் என்று கூப்பிட்டார்கள், போனேன். சோதிப்பது ஒரு கைக்கணினி. ஏதோ ஒரு தொண்டு அமைப்பு கொடுத்தது. திரையில் ஆங்கிலப் பத்தி ஒன்று வரும், பிள்ளை அதைப் பார்த்து வாசிக்க வேண்டும். சரியாகச் சொன்ன சொல் பச்சையாகும், தவறு சிவப்பாகும். கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று வரும். மேலே மின்விசிறி கடகடக்கிறது, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்கிறார்கள், வெளியே லாரி போகிறது. எல்லாவற்றையும் சேர்த்து அது கேட்கிறது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாசித்தாள். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. திரையில் பாதி சிவப்பு. தமிழ்ப் பிள்ளைகளின் வாயில் ஒன்றுபோல் ஒலிக்கும் ‘வி’யும் ‘டபிள்யூ’வும் வந்த இடமெல்லாம் சிவப்பு. அவள் திரையை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைக் கேட்டாள்: “மிஸ், இது யாரு மாதிரி பேசணும்னு சொல்லுது?”

கோட்டும் தலைப்பாகையும் அணிந்த இன்ஸ்பெக்டரிடம் என் அப்பாவின் வகுப்பில் யாரும் கேட்கத் துணியாத கேள்வி அது. அவரிடமாவது, கேட்டிருந்தால், பதில் இருந்திருக்கும். கருவியிடம் இல்லை. அது யாருடைய பேச்சைக் கோலாக வைத்திருக்கிறது என்று அதைக் கொண்டுவந்த இளைஞருக்கும் தெரியவில்லை. பிள்ளை தானாக எதையும் சொல்வதற்கு அதில் இடமும் இல்லை. சொல்வதற்கு அவளிடம் எவ்வளவோ இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் அக்காவின் நர்சிங் படிப்பைப் பற்றி என்னிடம் ஆங்கிலமும் தமிழுமாக மூச்சுவிடாமல் பேசினாள்.

தனியார் பள்ளிகளில் நடப்பது இதைவிட வருத்தம். தமிழில் பேசினால் அபராதம், தமிழில் பேசியவனை அடுத்தவன் காட்டிக்கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு நம் ஊர்களில் பலருக்கும் தெரிந்ததுதான். கென்ய எழுத்தாளர் நுகுகி வா தியாங்கோ 1986இல் வெளியிட்ட கட்டுரை நூலில், 1950களில் தன் பள்ளியில் நடந்ததை எழுதியிருக்கிறார். தாய்மொழியான கிகுயுவில் பேசிப் பிடிபட்ட பிள்ளைகளுக்குப் பிரம்படி கிடைக்கும், அல்லது தான் ஒரு முட்டாள், தான் ஒரு கழுதை என்று பொறித்த தகட்டைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அது கென்யாவில் அப்போதிருந்த நெருக்கடி நிலையின் கீழ் காலனி அரசு நடத்திய கொடுமை. நாம் கட்டணமும் கட்டி அதை வாங்குகிறோம்.

2012-13இலிருந்து அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருமளவில் வந்துவிட்டன. பெற்றோர் அதை விரும்புவதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கூலி வேலைக்குப் போகிற தாய், தன் பிள்ளை நாலு பேர் முன்னால் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயமான ஆசை. ஆனால் அவளுக்கு நாம் கொடுப்பது ஆங்கிலத்தில் அச்சடித்த புத்தகம். பிள்ளை அதைப் பேசுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அதே 2012-13இல் 9, 10ஆம் வகுப்புகளுக்குப் பேச்சையும் கேட்டலையும் மதிப்பிடும் தேர்வைக் கொண்டுவந்தது. நம் மாநிலப் பொதுத்தேர்வுக்கு அந்த எண்ணம் வரவில்லை.

விளைவு எங்கே தெரிகிறது என்றால், அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணின் அக்காவைப் போன்ற பிள்ளைகளிடம். நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்காக ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு எழுதுகிறார்கள். பல ஆயிரம் ரூபாய் கட்டணம். அதில் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிஷம். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து, ஊரைப் பற்றி, வேலையைப் பற்றி, பிடித்ததைப் பற்றிக் கேட்பார். உச்சரிப்பு நான்கு அளவுகளில் ஒன்று மட்டுமே. தடையில்லாமல் தொடர்ந்து பேசுவது, சொல்வளம், இலக்கணம் என்று மற்ற மூன்று. என்னிடம் படித்த பெண் ஒருத்தி அந்தத் தேர்வுக்குப் போய்வந்து சொன்னாள்: “டீச்சர், வராந்தாவுல உங்களோட பேசினதுக்கப்புறம் நான் சொல்றதை ஒருத்தர் முழுசாக் கேட்டது இப்பத்தான்.” பன்னிரண்டு வருஷப் பள்ளியும் நான்கு வருஷக் கல்லூரியும் செய்திருக்க வேண்டியதை அவள் காசு கொடுத்துப் பெற்றிருக்கிறாள். காசில்லாதவள் பெறவே மாட்டாள்.

முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. வகுப்பில் 40 பிள்ளைகள், ஒருவருக்குப் பத்து நிமிஷம் என்றால் 400 நிமிஷம். 40 நிமிஷப் பீரியட் பத்து. பருவத்துக்கு ஒருமுறை இதை ஒதுக்கலாம். பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் கொடுக்கிறோம், வெளியிலிருந்து ஆசிரியர் வந்து பார்க்கிறார், யாரும் ஆகாது என்று சொல்வதில்லை. ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண். அவ்வளவும் எழுத்துக்கு. பேச்சுக்கு ஒன்றுகூட இல்லை.

கல்வித்துறை இதை மாற்ற வேண்டும். மாற்றும்போது கருவியிடம் ஒப்படைக்காமல் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். அதுவரை, இதைப் படிக்கிற ஆங்கில ஆசிரியர்கள் நாளைக் காலை ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, உங்களுக்கு விடை தெரியாத ஒரு கேள்வியைக் கேளுங்கள். அவள் முடிக்கும்வரை திருத்தாதீர்கள்.